சதுர அறையும் காணாமல் போன பாஸும்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு லிங்க் வீடு, அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. மாடியில் இருந்த சின்ன அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கியிருந்தார் வீட்டுக்காரர். "அண்ணே, ரெண்டு சப்வூஃபர் ஸ்பீக்கர் மாத்திட்டேன். நாற்காலியில உட்கார்ந்தா பாஸே, அந்த அடிச்சுருதியே இல்ல. ஆனா கீழ அம்மா, வீடே அதிருதுன்னு திட்டுறாங்க."

நான் பையிலிருந்து முதலில் எடுத்தது அளவு நாடாவை. நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் ஏறக்குறைய அதேதான். நாற்காலி நட்டநடுவில். விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது.

எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு அலைநீளமுள்ள ஒலி, அந்தச் சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். சுவரோரம் வீங்கும், நடுவில் செத்துப்போகும். பத்தடிக்கு அந்த ஒலியின் சுருதி சுமார் 57 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 57 அதிர்வு. பாஸ் கிதாரின் 'ஏ' கம்பி 55 ஹெர்ட்ஸ். அதாவது பாட்டின் அடித்தளமே அங்கேதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் அதே சுருதியில் மூன்று தடவை அடி விழும்.

போனிலிருந்து 57 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு அவரை நடக்கச் சொன்னேன். நடுவில் ஒன்றுமில்லை. மூலைக்குப் போனதும் ஜன்னல் கம்பி கடகடவென்று ஆடியது. மனிதர் திரும்பித் திரும்பி நடந்து பார்த்தார்.

சுவரில் முட்டைத் தட்டு வேறு ஒட்டியிருந்தார். ஆறு மீட்டர் நீள அலையை அந்த அட்டை என்ன செய்யும்? மேல்சுருதி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

சதுரம் மட்டுமல்ல, இரட்டிப்பு அளவும் தொல்லைதான். இங்கே பல லிங்க் வீடுகளில் ஹால் அகலம் இருபதடிக்குப் பக்கம், உயரம் பத்தடி. இருபதடியின் சுருதியை இரட்டித்தால் வருவதும் பத்தடியின் சுருதியும் அதே 57-இல் வந்து சந்திக்கும். புதிதாக அறை கட்டுவதென்றால் 1946-இல் ஒலியியல் அறிஞர் ரிச்சர்ட் போல்ட் சொன்ன விகிதங்களில் ஒன்றைப் பாருங்கள்: 1 : 1.26 : 1.59. ஒன்பதடி உயரத்துக்கு அகலம் சுமார் பதினொன்றேகால், நீளம் பதினாலேகால் என்று வரும். பிளாஸ்டர் சீலிங் போடுவதற்கு முன்பே கான்ட்ரக்டரிடம் இதைப் பேசிவிட வேண்டும்.

கட்டிய அறையை என்ன செய்வது? நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நாலடிக்குள் தள்ளினோம். பாஸ் வந்துவிட்டது. அலமாரிக் கதவுதான் இப்போது பாதிக்கு மேல் திறப்பதில்லை.