காலையில் மங்கல், மாலையில் தெளிவு

“சார், கண்ணாடி சரியில்லை. பவர் மாத்திக் கொடுங்க.”

பட்டர்வொர்த்தில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் எனக்கு இது அன்றாடம் காதில் விழும் பேச்சு. அப்படிக் கேட்டு வந்த ஓர் அக்காவுக்கு 38 வயது. பாயான் லெப்பாஸில் காலை ஷிப்ட். விடியுமுன் ஃபேக்டரி பஸ்ஸில் பினாங்குப் பாலம் தாண்டும்போது, விளக்குகளைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது என்றார். இடது கண்ணில் மட்டும். கடைக்கு வருவதோ வேலை முடிந்து, மாலை ஆறு மணிக்கு. அப்போது கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசிப்பார். இரண்டு முறை 0.25 கூட்டிக் குறைத்து அனுப்பினேன். எத்தனை மணிக்கு மங்குகிறது என்று கேட்காதது என் தவறு.

மூன்றாவது முறை லீவு நாளில், காலை ஒன்பதுக்கே வந்துவிட்டார். இடது கண்ணால் பாதி வரிகூடத் தாண்ட முடியவில்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் பார்த்தால், கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கார்னியாவின் உட்புறம் சுத்தியலால் தட்டிய வெள்ளித் தட்டு போல் மினுமினுத்தது. கண்பாவை நடுவில் இல்லை. மூக்குப் பக்கமாக இழுபட்டிருந்தது. நம் கண்ணோ கரும்பழுப்பு. கறுப்புக்குள் கறுப்பு நகர்ந்தால் யாருக்குத் தெரியும்? கூடவே இருக்கும் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் வலது கண்ணில் 15, இடதில் 32. 21 வரை இருக்கலாம்.

கண் மருத்துவர் உறுதிசெய்த பெயர் இரிடோகார்னியல் எண்டோதீலியல் சிண்ட்ரோம். சுருக்கமாக ‘ஐஸ்’ என்பார்கள். ஐஸ் காச்சாங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதன் ஒரு வகையை 1956இல் அமெரிக்க மருத்துவர் பால் சாண்ட்லர் விவரித்தார். அரிய நோய். பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு, ஒரு கண்ணில் மட்டும் வரும். பரம்பரை நோய் என்று பயப்பட வேண்டாம். ஹெர்பிஸ் வைரஸ் மேல் சந்தேகம் உண்டு, முடிவாகவில்லை.

கார்னியாவின் உள்ளடுக்கில் இருக்கும் செல்களின் வேலை, அதிலிருந்து நீரை வெளியே இறைப்பது. தூங்கும்போது இமை மூடியிருப்பதால் ஈரம் ஆவியாவதில்லை. நல்ல கண்ணிலும் கார்னியா லேசாக உப்பும். இறைக்கும் செல்கள் கெட்டிருந்தால் அந்த வீக்கம் வடிய நேரமாகும், அதனால்தான் காலை மங்கல். இந்த நோயில் அதே செல்கள் இடம்விட்டு நகர்ந்து, கண்பாவையைச் சுற்றியிருக்கும் நிற வளையமான ஐரிஸ் மேல் மெல்லிய சவ்வாகப் படர்கின்றன. சவ்வு சுருங்கச் சுருங்க ஐரிஸ் இழுபடும், சிலருக்குக் கிழிந்து ஓட்டையே விழும். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியும் லோங்காங் அடைத்ததுபோல் அடைபடும். அழுத்தம் ஏறிக் கண் நரம்பு அழிந்தால், போன பார்வை திரும்பாது. கார்னியா வீக்கத்துக்காவது உள்ளடுக்கை மட்டும் மாற்றிவைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

காலை மங்கல் எல்லாமே இதுதான் என்றில்லை. வயதானவர்களுக்கு இரண்டு கண்ணிலும் வரும் ஃபுக்ஸ் என்ற கார்னியா நோயும் உண்டு. எதுவானாலும், எழுந்ததும் மங்கி மதியத்துக்குள் தெளிகிறதென்றால் மாலையில் பரிசோதிக்கப் போகாதீர்கள். முடியாவிட்டால் நேரத்தையாவது சொல்லுங்கள். கைபேசியில் பழைய செல்ஃபியைப் பெரிதாக்கி, இரண்டு கண்பாவையும் நடுவில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகமென்றால் நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

அந்த அக்காவுக்குச் சொட்டு மருந்து போதவில்லை. லேசர் இந்த நோய்க்கு அவ்வளவாக உதவாது. நீர் வடிய வழி செய்யும் அறுவை சிகிச்சை நடந்தது. அழுத்தம் இப்போது 14. பஸ் ஜன்னலோரம்தான் உட்காருகிறாராம், பாலத்து விளக்குகளை எண்ணிக்கொண்டு.