காப்பிஸ்: தமிழில் மறுதாம்புக் காடு

இங்கிலாந்துக் காட்டுப் பறவைகளைப் பற்றிப் படிக்கப் போனால் ‘காப்பிஸ்’ என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். தமிழில் எழுதும்போது ‘புதர்க்காடு’ என்றோ ‘குறுங்காடு’ என்றோ போட்டுவிட்டு நகரத் தோன்றும். இரண்டுமே சரியில்லை. புதர்க்காடு தானாக வளர்வது. குறுங்காடு என்றால் இன்று மியாவாக்கி முறையில் நெருக்கமாக நட்டு வளர்க்கும் காடுதான் நினைவுக்கு வரும். காப்பிஸ் இவை எதுவும் இல்லை. அது வெட்டியதால் உண்டான காடு.

ஹேசல், ஆஷ், செஸ்நட் போன்ற மரங்களைத் தரையை ஒட்டி வெட்டினால் அவை சாவதில்லை. நெற்பயிர் தூர் கட்டுவது போல, வெட்டிய அடியிலிருந்து ஒரு கொத்தாகக் கழிகள் கிளம்பும். ஹேசலை 7 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுவார்கள், செஸ்நட்டை அதைவிட நாள் விட்டு. தட்டி வேலி, கூரை வேயும் முளைக்குச்சி, அடுப்புக்கரி எல்லாம் அந்தக் கழிகளிலிருந்துதான். முழுக் காட்டையும் ஒரே வீச்சில் வெட்டமாட்டார்கள். பாத்தி பாத்தியாகப் பிரித்து, குளிர்காலத்துக்கு ஒரு பாத்தி என்று முறைவைத்து வெட்டுவார்கள். இடையிடையே ஓக் போன்ற மரங்களை நெடுமரங்களாக விட்டுவைப்பதும் உண்டு. இது மிகப் பழைய வழக்கம். இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பு நிலத்தில் கிடைத்த, கி.மு. 3807-ஐ ஒட்டிப் போடப்பட்ட ‘ஸ்வீட் டிராக்’ என்ற மரப்பாதையிலேயே இப்படி வளர்த்து வெட்டிய கழிகள் இருக்கின்றன.

இனி, சொல் வந்த வழி. கிரேக்கத்தில் ‘கொலாஃபோஸ்’ என்றால் குத்து, அடி. அது லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போய் வெட்டுதல் என்ற பொருளை ஏற்றது. அந்தப் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்ததுதான் காப்பிஸ். ஆங்கிலத்தில் சிறு தோப்பைக் குறிக்கும் ‘காப்ஸ்’ இதன் சுருங்கிய வடிவம். வெட்டி எடுத்த துண்டுச் சீட்டு என்பதால், நாம் கையில் வைத்திருக்கும் ‘கூப்பன்’கூட இதே குடும்பம்தான். நம் ‘கொப்பு’க்கும் இதற்கும் உறவு இருக்குமோ என்று ஒலியை வைத்து எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. உறவு இல்லை. கொப்பு நம்முடைய சொல், கிளை என்று பொருள். காப்பிஸோ குத்திலிருந்தும் வெட்டிலிருந்தும் வந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மரம் வெட்டுவதற்கென்று ஒதுக்கிய காட்டுப் பகுதியைக் ‘கூப்பு’ என்பார்கள். கூப்பு வேலை, கூப்பு லாரி என்றெல்லாம் பேச்சில் உண்டு. ஆங்கிலேயர் காலத்து வனத்துறை கொண்டுவந்த பிரெஞ்சுச் சொல் அது; காப்பிஸின் வேரே அதன் வேரும். அப்படியானால் காப்பிஸைக் கூப்பு என்றே சொல்லலாமே? கூடாது. கூப்பு என்றால் வெட்டு மட்டும்தான். அதற்குப் பின் என்ன முளைக்கும் என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை.

பறவைக்கோ அந்தப் பின்பாதிதான் முக்கியம். நைட்டிங்கேலை எடுத்துக்கொள்வோம். (‘இந்தியாவின் நைட்டிங்கேல்’ எனப்பட்ட சரோஜினி நாயுடுவைத் தமிழில் ‘கவிக்குயில்’ என்று அழைத்துப் பழகியதால் இது குயில்தான் என்று பலர் நினைப்பதுண்டு. குயிலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரவிலும் பாடும் சின்னஞ்சிறு பழுப்புப் பறவை இது.) மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரலில் தெற்கு, கிழக்கு இங்கிலாந்துக்கு வந்து, தரையிலோ தரையை ஒட்டியோ கூடு கட்டும். அதற்கு அடியில் அடர்த்தி வேண்டும், உள்ளே இரை தேடி ஓட வெற்றுத் தரையும் வேண்டும். புதிதாக வெட்டிய பாத்தியில் இவை கிடைக்காது. நாலைந்து ஆண்டு வளர்ந்த பாத்தியில் கிடைக்கும். மேலே இலைகள் கூடி நிழல் கட்டி, அடியில் உள்ள செடிகள் மெலிந்துவிட்டால் பறவை கிளம்பிவிடும். முறைவைத்து வெட்டும் காட்டில் அதற்குள் பக்கத்துப் பாத்தி தயாராகியிருக்கும். கதிர்க்குருவிகள் சிலவும் இப்படித்தான் பாத்தி மாறிப் பிழைக்கின்றன.

நிலக்கரி மலிந்ததும் கழிகளுக்குக் கிராக்கி குறைந்தது. 1919-இல் அங்கே வனவியல் ஆணையம் தொடங்கப்பட்டது. அதன்பின் பல பழைய காடுகளில் ஊசியிலை மரங்களை நட்டார்கள். ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை வெட்டினால் தூரிலிருந்து தழைப்பதில்லை. மிஞ்சிய காடுகள் வெட்டுவாரின்றி முதிர்ந்து இருண்டன. பிரிட்டனில் நைட்டிங்கேல் எண்ணிக்கை அரை நூற்றாண்டில் சுமார் 90 விழுக்காடு சரிந்தது. 2012-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி பாடும் ஆண் பறவைகள் ஏறக்குறைய 5,500. குளிர்கால வாழிடத்தின் நிலையும் சேர்ந்தே இதற்குக் காரணம் என்கிறார்கள்.

சரி, மறுபடி வெட்டத் தொடங்கினால் பறவை திரும்பிவிடுமா? கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக்கில் பிராட்ஃபீல்ட் காடு இருக்கிறது. 1252 முதல் வெட்டி வளர்த்துவரும் காடு என்று பதிவு உண்டு. அங்கேகூட வெட்டிய பாத்திகளில் துளிர் சரியாக எழும்பவில்லை, மான்கள் கடித்துவிட்டன. அவற்றில் ஒன்று சீனாவிலிருந்து கொண்டுவந்து வோபர்ன் பூங்காவில் வளர்க்கப்பட்டு வெளியே பரவிய முன்ட்ஜாக், நம் கேளையாட்டின் நெருங்கிய உறவு. ஆய்வாளர்கள் சில பாத்திகளுக்கு மான் நுழையாதபடி வேலி போட்டார்கள், சிலவற்றைத் திறந்தே விட்டார்கள். 2010-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: நைட்டிங்கேல்கள் வேலியிட்ட பாத்திகளையே தேடிப் போயின. இரு வகைப் பாத்தியிலும் வெட்டு விழுந்திருந்தது. அடர்ந்து தழைத்தது வேலிக்குள்தான்.

அதனால்தான் தமிழில் இதற்கு வெட்டைச் சொல்லும் சொல்லைவிடத் தழைப்பைச் சொல்லும் சொல் வேண்டும் என்கிறேன். அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கரும்பை வெட்டிய பின் அதே கட்டையிலிருந்து கிளம்பும் அடுத்த பயிரை விவசாயிகள் ‘மறுதாம்பு’ என்கிறார்கள். புதிதாக நடுவதில்லை, பழைய வேர், புதிய தண்டு. காப்பிஸ் என்பதும் இதுவேதான். மறுதாம்புக் காடு என்றால் கரும்பு போட்ட யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. வெட்டிய அடியைத் ‘தூர்’ என்றும், விட்டுவைத்த மரத்தை ‘நெடுமரம்’ என்றும் சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. நம் ஊர்த் தைலமரத் தோட்டங்களிலும் மறுதாம்பு விடுகிறார்கள். ஆனால் தூரில் வரும் துளிர்களில் ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்துவிடுவார்கள். அதை மறுதாம்புத் தோட்டம் என்று சொல்வதே சரி, காடு என்ற சொல்லை அங்கே கொண்டுபோகக் கூடாது. இங்கிலாந்திலும் எல்லாக் காட்டையும் மறுதாம்பாக்கிவிட முடியாது. பொந்தில் கூடு கட்டும் மரங்கொத்திக்கும் பட்டாணிக்குருவிக்கும் முதிர்ந்த மரமும் பட்ட மரமும் வேண்டும். பத்தாண்டுக் கழியில் பொந்து விழாது.

எழுதும்போது இப்படி எழுதலாம்: ‘பிராட்ஃபீல்ட் மறுதாம்புக் காட்டில் ஆறாம் ஆண்டுப் பாத்தியில் நைட்டிங்கேல் பாடியது.’