டேபிளில் கை வைப்பதற்கு முன்னால் எக்ஸாஸ்டைப் பாருங்கள்

கோலாலம்பூரில் ஈசியூ டியூனிங் செய்பவன் நான்; ஈசியூ என்பது இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர். முன்பெல்லாம் காடியை விட்டுவிட்டு "அண்ணே, கொஞ்சம் பவர் ஏத்திக் குடுங்க" என்று சொல்லிப் போவார்கள். இப்போது வருகிற தம்பிகளில் பலர் லேப்டாப்போடு வருகிறார்கள். எக்ஸாஸ்ட் புகையை வைத்து மிக்ஸ்சரை அளக்கிற வைட்பேண்ட் மீட்டர் ஒன்றை டேஷ்போர்டில் ஒட்டி, அந்த மீட்டரைப் பார்த்து எண்களைத் தானே மாற்றுகிற ஆட்டோடியூனை சாஃப்ட்வேரில் தட்டிவிட்டு, ராத்திரியில் எம்ஆர்ஆர்2 சாலையில் இரண்டு சுற்று சுற்றி, ஃப்யூல் டேபிளை (எந்த ஆர்பிஎம்மில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்கிற எண் கட்டங்களை) தாங்களே திருத்திக்கொண்டு, கடைசியில் ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காத போது ஓடுகிற ஓட்டம்) சீராக நிற்கவில்லை, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, ஸ்பார்க் பிளக் கறுப்பாகிறது என்று கொண்டுவருகிறார்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன், சந்தோஷம்தான். ஆனால் இப்படி வருகிற காடிகளில் பெரும்பாலும் முதலில் கெட்டது டேபிள் இல்லை. எக்ஸாஸ்டில் எங்கோ ஓட்டை, ஒரு பிளக் சரியாக அடிக்கவில்லை, பம்ப்பில் பிரஷர் குறைவு, இப்படி ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடிக்காமல் டேபிளில் எண்களை மாற்றி மூடப் பார்த்ததுதான் வினை.

அடிப்படையிலிருந்து வருவோம். அந்த மீட்டரின் கண், எக்ஸாஸ்ட் குழாயில் மாட்டுகிற ஓ2 (ஆக்சிஜன்) சென்சார். அதற்குப் பெட்ரோல் எவ்வளவு போனது என்று தெரியாது. எக்ஸாஸ்ட் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, அதுதான் அதற்குத் தெரியும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள இந்த விகிதம்தான் ஏஎஃப்ஆர்; அந்தக் கணக்கு சரியாக அமைந்தால் லாம்டா 1 என்கிறோம். காற்று கூடினால் லீன், பெட்ரோல் கூடினால் ரிச். எரிந்த பிறகு ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் லீன் என்று சென்சார் முடிவு கட்டும். அந்த ஆக்சிஜன் இன்ஜினுக்குள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து நுழைந்ததா என்று அது விசாரிக்காது. விசாரிக்க வேண்டியது நாம்.

சாதாரண காடிகள் பலவற்றில் கம்பெனி போட்டுக் கொடுப்பது நேரோபேண்ட் சென்சார். 1976-இல் போஷ் தயாரித்து வோல்வோ காடிகளில் வந்ததிலிருந்து இதன் வேலை ஒன்றுதான்: லாம்டா 1-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று சொல்வது. ரிச் என்றால் 0.8, 0.9 வோல்ட், லீன் என்றால் 0.1 வோல்ட் பக்கம், நடுவில் 0.45-இல் சடாரென்று தாவும். எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற இது போதும். ஃபுல் த்ராட்டிலில் மிக்ஸ்சர் 12.5-ஆ 11.5-ஆ என்று கேட்டால் இதனிடம் பதில் கிடையாது, ஏனென்றால் ரிச் பக்கத்தில் வோல்டேஜ் கிட்டத்தட்ட படுத்துவிடும், அந்தச் சின்ன ஏற்ற இறக்கமும் சென்சாரின் சூட்டைப் பொறுத்து மாறும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற, கலர் லைட் ஓடுகிற ஏஎஃப்ஆர் மீட்டர்களில் பல இந்த நேரோபேண்ட் ஒயரில் மாட்டுவதுதான். ராத்திரியில் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

டேபிளைத் திருத்த, எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அளந்து சொல்கிற வைட்பேண்ட் வேண்டும். நம்மூரில் அதிகம் புழங்குவது போஷ் எல்எஸ்யூ 4.9, பழைய கிட்டுகளில் 4.2. 4.2 என்றால் பல கிட்டுகளில் அவ்வப்போது கழற்றி வெளிக்காற்றில் காலிபிரேஷன் செய்ய வேண்டும், 4.9 கிட்டுகளில் ஒயர் கனெக்டரில் இருக்கிற ரெசிஸ்டரைக் கண்ட்ரோலர் படித்துக்கொள்வதால் பெரும்பாலும் அது தேவைப்படாது, அந்தக் கனெக்டரை வெட்டி ஒயரை நேராக ஒட்டாத வரை. (வெட்டி ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.) இன்னொன்று, சென்சார் எக்ஸாஸ்டில் இருக்க, கரண்ட் கொடுக்காமல் காடியை ஓட்டக் கூடாது. ஹீட்டர் வேலை செய்யாத சென்சாரில் கரி படிந்து கெட்டுவிடும். மாட்டும் போது தலை மேலே, வாய் கீழே இருக்கும்படி சாய்வாக மாட்டுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குழாயில் தேங்குகிற தண்ணீர் சென்சாருக்குள் இருக்கிற சூடான செராமிக்கில் பட்டால் அது விரிசல் விட்டுவிடும். கேஸ்கெட்டுக்குப் பூசுகிற சிலிக்கன் பசையும் சென்சாருக்கு எமன்தான், சென்சாருக்குப் பாதகமில்லை என்று டியூபில் எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மீட்டர் லீன் என்று காட்டுகிறது, ஆனால் இன்ஜின் லீன் இல்லை. இது எப்படி நடக்கிறது என்று புரிந்தால் பாதி டியூனிங் புரிந்த மாதிரி.

முதல் குற்றவாளி எக்ஸாஸ்ட் ஓட்டை. சென்சாருக்கு முன்னால் எங்கேயாவது, எக்ஸ்ட்ராக்டர் (இன்ஜினிலிருந்து புகையை எடுத்துவருகிற குழாய்கள்) கேஸ்கெட்டிலோ, வெல்டிங்கிலோ, ஃப்ளெக்ஸ் குழாயிலோ, சின்னக் கசிவு இருந்தால் புகை வெளியே வருகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் எக்ஸாஸ்ட் சீராக ஓடுவதில்லை, அலை அலையாக வருகிறது; ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் பிரஷர் இறங்கும் போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஐடிலிலும் லேசாக ஓட்டும் போதும் இது அதிகம், மிதித்து ஓட்டும் போது குறைந்துவிடும். ஆகவே ஐடிலில் 16 காட்டி, மேலே போகப் போகச் சரியாகிற காடி என்றால் நான் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் காடியைத் தூக்கி, குழாயை வால் பக்கம் துணியால் அடைத்து, சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்ப்பேன். நுரை வருகிற இடத்தில் வெல்டிங்காரருக்கு வேலை.

இரண்டாவது மிஸ்ஃபயர், இதுதான் ஆளைக் கவிழ்ப்பது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதிலிருந்த பெட்ரோலும் அப்படியே வெளியே போகும், ஆக்சிஜனும் அப்படியே போகும். சென்சாருக்கு ஆக்சிஜன்தான் கண்ணில் படும், உடனே லீன் என்று சொல்லும். ஆட்டோடியூன் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். கூட்டினால் பிளக் இன்னும் நனையும், மிஸ்ஃபயர் இன்னும் அதிகமாகும், மீட்டர் இன்னும் லீன் காட்டும், ஆட்டோடியூன் இன்னும் கூட்டும். பெரோடுவா கென்சில் காடியில் டைஹட்சுவின் ஜேபி-ஜேஎல் டர்போ இன்ஜினை இறக்கியவர்கள் இதில் மாட்டுவது அதிகம்: 659 சிசி குட்டி இன்ஜின், பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றழுத்தம்) ஏற்றியாகிவிட்டது, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் பழசு, பிளக் இடைவெளி பெரியது, பூஸ்ட்டில் தீப்பொறி அணைந்துவிடுகிறது. மிதித்ததும் தடுமாறுகிறது, மீட்டரில் லீன். பிளக் இடைவெளியைக் குறைத்து, காயிலை மாற்றியதும் அதே டேபிளில் அதே இடம் ரிச்சாகக் காட்டும்! பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) போட்ட இன்ஜினும் ஐடிலில் இப்படித்தான் ஏமாற்றும், இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் போது புதுக்காற்று எரியாமலே வெளியே நழுவிவிடுகிறது. அந்தக் காடியில் ஐடிலுக்கு மீட்டரைப் பார்க்காதீர்கள், இன்ஜின் எப்போது அமைதியாக நிற்கிறது என்று காதால் கேட்டு வையுங்கள்.

ஆக்சிலேட்டரை விட்டதும் ஈசியூ பெட்ரோலை நிறுத்துகிற நேரத்தில் மீட்டர் லீன் எல்லைக்கே ஓடும். அது சரிதான், காற்று மட்டும்தானே போகிறது. அந்த எண்களை, ஓடும் போது பதிவான லாகிலிருந்து நீக்காமல் விட்டால் சாஃப்ட்வேர் அந்தக் கட்டங்களில் பெட்ரோலைக் கொட்டிவிடும். த்ராட்டில் சட்டென்று மாறுகிற நேரமும் அப்படியே. புகை சென்சார் வரை வந்து சேரவே கொஞ்சம் நேரம் ஆகிறது, அதற்குள் இன்ஜின் வேறு கட்டத்துக்குப் போயிருக்கும், பழி வேறு கட்டத்தின் மேல் விழும். ஒரு கட்டத்தில் ஆர்பிஎம்மும் லோடும் அசையாமல் நின்றபோது வந்த எண்களை மட்டும் எடுங்கள்.

ஒயரிங்கும் பொய் சொல்ல வைக்கும். சில வைட்பேண்ட் கண்ட்ரோலர்களிலிருந்து ஈசியூவுக்குப் போகிற ஒயரில் 0 வோல்ட் என்றால் ஏஎஃப்ஆர் 10, 5 வோல்ட் என்றால் 20. எர்த்தைக் கண்ட இடத்தில் பிடித்திருந்தால் கால் வோல்ட் தள்ளிப்போகும், அதாவது மீட்டரில் 12.5, லேப்டாப்பில் 13. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள், காட்டாவிட்டால் வேறு எதையும் தொடாதீர்கள்.

சரி, ஓட்டை இல்லை, மிஸ்ஃபயர் இல்லை, ஒயரிங் சுத்தம். அப்புறம்? கணக்கு ரொம்பச் சுலபம். விஈ டேபிள் (மேலே சொன்ன ஃப்யூல் டேபிள்தான்) என்பது இந்த ஆர்பிஎம்மில், இந்த மேனிஃபோல்டு பிரஷரில் (இன்ஜினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தில்) சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்று எழுதி வைத்த கட்டங்கள். பழைய எண்ணை, வந்த ஏஎஃப்ஆரால் பெருக்கி, வேண்டிய ஏஎஃப்ஆரால் வகுத்தால் புது எண். கட்டத்தில் 70 இருக்கிறது, 12.6 வேண்டும், 13.4 வருகிறது என்றால் 74.4 போட வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: க்ளோஸ்டு லூப் ஓடிக்கொண்டிருந்தால் ஓ2 சென்சாரைப் பார்த்து ஈசியூ தானே திருத்தி மீட்டரில் 14.7 காட்டிக்கொண்டே இருக்கும், டேபிளின் தப்பு அந்தத் திருத்தத்தில், அதாவது ட்ரிம்மில், ஒளிந்திருக்கும். ட்ரிம் 12 சதவீதம் கூட்டியிருந்தால் டேபிளில் அந்த 12 குறைகிறது என்று அர்த்தம். டியூன் செய்யும் போது க்ளோஸ்டு லூப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ட்ரிம்மையும் கணக்கில் சேருங்கள்.

இதற்கும் முன்னால் ஃப்யூல் பிரஷரை கேஜ் மாட்டிப் பாருங்கள், பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரின் டெட் டைமைச் சரியாகக் கொடுங்கள். கரண்ட் வந்ததும் இன்ஜெக்டர் உடனே திறப்பதில்லை, ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் வீணாகிறது, பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் இன்னும் அதிகம். ஐடிலில் இன்ஜெக்டர் மொத்தமே 2, 3 மில்லிசெகண்ட்தான் திறக்கிறது என்றால் இந்த ஒன்றில் தப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஏர்கோன் போட்டால், ஹெட்லைட் போட்டால் மிக்ஸ்சர் மாறுகிறது என்று சொல்கிற காடிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நம்மூர் ஜேமும் சூடும் தனிக் கதை. ஜாலான் ஈப்போவில் அரை மணி நேரம் ஊர்ந்து வந்த காடியில் இன்டேக் டெம்பரேச்சர் சென்சாரே வெந்து 60 டிகிரி காட்டும். காற்று சூடு, அடர்த்தி குறைவு என்று ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். ஜேம் விட்டதும் உள்ளே வருகிற காற்று அவ்வளவு சூடு இல்லை, ஆக லீன். இந்த நேரத்தில் விஈ கட்டத்தைத் திருத்தினால் மறுநாள் காலை காடி ரிச்சாக ஓடும். திருத்த வேண்டியது டெம்பரேச்சர் கரெக்‌ஷன் டேபிள். கெந்திங் மலை ஏறுகிறவர்களுக்கும் ஒன்று. மேலே ஏறக்குறைய 1,800 மீட்டர், காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. த்ராட்டில் திறப்பை மட்டும் வைத்து ஓடுகிற ஐடிபி (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் த்ராட்டில்) செட்டப்பில் தனி பாரோமீட்டர் சென்சார் இல்லாவிட்டால், சாவி போடும் போது கீழே கோம்பாக்கில் படித்த காற்றழுத்தத்தையே ஈசியூ நம்பிக்கொண்டு மேலே வரை ஏறும், ரிச்சாகிப் புகைவிடும். அங்கே நிறுத்தி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஆவி பிடித்த மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார்!

ஃபுல் த்ராட்டிலில் டர்போ இல்லாத இன்ஜினுக்கு 12.5-லிருந்து 13 வரை, டர்போவுக்கு 11.5 பக்கம் என்று தொடங்கலாம். லோடில் லீனாக ஓடினால் பிஸ்டனில் ஓட்டை விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். ரிச் என்றால் பத்திரம் என்று நினைப்பதுதான் எனக்குக் கவலை. அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவி, ஆயில் பேனில் போய்ச் சேரும். டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் அந்த ஆயில் ஆயில் இல்லை. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். இன்னும் ஒன்று, ஓ2 சென்சாருக்கு நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) தெரியாது. ஏஎஃப்ஆர் அழகாக இருக்கும், தீப்பொறி டைமிங் அதிகமாகி இன்ஜின் உள்ளே அடித்துக்கொண்டிருக்கும். ஆக்டேன் கூடின ரோன் 97 பெட்ரோலில் டியூன் செய்துவிட்டு மாசக் கடைசியில் ரோன் 95 ஊற்றுகிறவர்கள், அதை டியூனரிடம் முதலிலேயே வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். 95-க்கே டியூன் செய்து தருவார், பவர் கொஞ்சம் குறையும், இன்ஜின் இருக்கும்.

டியூனிங்கே வேண்டாம், நான் ஒரிஜினல் காடி ஓட்டுகிறேன் என்பவர்களுக்கும் இதில் பயன் உண்டு. ஈசியூவைப் படிக்கிற ஓபிடி ஸ்கேனர் மலிவாகவே கிடைக்கிறது, லாங் டேர்ம் ட்ரிம்மை (ஈசியூ நாளடைவில் பழகி வைத்திருக்கிற திருத்தத்தை) பாருங்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. காற்றை நேராக அளக்கிற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காடியில் ஐடிலில் மட்டும் கூடுதலாக இருந்து ஹைவேயில் சரியானால் இன்டேக் பக்கம் காற்றுக் கசிவைத் தேடுங்கள். வேகம் கூடக் கூட ட்ரிம்மும் கூடினால் பம்ப், ஃபில்டர், இல்லை அந்த சென்சாரில் அழுக்கு. மேனிஃபோல்டு பிரஷரை அளக்கிற மேப் சென்சார் காடியில் அதே கசிவு ட்ரிம்மில் அவ்வளவு தெரியாது, ஐடில் ஆர்பிஎம் ஏறி நிற்கும். இது எதையும் பார்க்காமல் "ஓ2 சென்சார் கோட் வருது, சென்சார மாத்து" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். லீன் என்று புகார் சொன்ன சென்சார் பெரும்பாலும் நல்ல சென்சார்தான்.

ஃபுல் லோட் கட்டங்களைப் பொதுச் சாலையில் டியூன் செய்யாதீர்கள், மடியில் லேப்டாப், கண் மீட்டரில் என்றால் முன்னால் போகிற மோட்டார்சைக்கிள்காரன் என்ன பாவம் செய்தான். காடியை உருளை மேல் நிறுத்தி ஓட்டுகிற டைனோவில் லோடைப் பிடித்து வைத்து ஒவ்வொரு கட்டமாகப் போகலாம், வாடகை கொடுத்தாலும் அதுதான் மிச்சம். டியூனரிடம் விடுகிறவர்கள் வேலை முடிந்ததும் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: லாக் ஃபைல், இப்போது ஏற்றிய மேப் (டேபிள்கள் அடங்கிய ஃபைல்), தொடுவதற்கு முன்னால் எடுத்த ஒரிஜினல் மேப். மூன்றாவது இல்லை என்று சொன்னால் காரணம் கேளுங்கள், பணத்தை அதற்கப்புறம் கொடுக்கலாம்.