குடில்: தொட்டியா, வீடா?

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூரு சிவாஜிநகரில், மரியன்னை பசிலிக்காவைச் சுற்றியுள்ள கடைகளில் "கிரிப் செட் எவ்வளவு?" என்ற குரல் கேட்கும். வாங்குபவரும் தமிழர், விற்பவரும் தமிழர். அதே ஆள் வீட்டுக்கு வந்ததும் "இன்னும் குடில் வைக்கலையா?" என்பார். நானும் பல வருடம் இரண்டும் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைக்கும் இயேசு பிறப்புக் காட்சியின் இரண்டு பெயர்கள் என்றே நினைத்திருந்தேன். ஆனால் கிரிப் என்பது ஒரு பொருள், குடில் என்பது இன்னொரு பொருள்.

கிரிப் என்றால் ஆங்கிலத்தில் முதலில் மாட்டுத் தீவனத் தொட்டி. குழந்தையின் கட்டில் என்ற பொருள் பின்னால் வந்தது. ஜெர்மன்காரர்கள் கிரிப்பே என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் கிரெஷ் என்கிறார்கள். எல்லாம் ஒரே வேர். ஐ.டி. கம்பெனிகளில் பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்தை 'கிரெச்' என்கிறோமே, அதுவும் இந்தத் தொட்டிதான். இத்தாலியில் பிரசேப்பே. அது லத்தீனில் 'முன்' என்பதும் 'வேலி' என்பதும் சேர்ந்த சொல், பொருள் மறுபடியும் தொட்டி. 1223இல் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ், கிரேச்சோ என்ற ஊரில் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக அமைத்தபோது சுரூபங்கள், அதாவது சிலைகள், இல்லை. வைக்கோல் போட்ட ஒரு தொட்டி, உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை. அந்தத் தொட்டியை வைத்துத்தான் திருப்பலி, அதாவது பூசை, நடந்தது.

சரி, தமிழில் அந்தத் தொட்டிக்கு என்ன பெயர்? முன்னணை. பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் மரியாள் பிள்ளையை "முன்னணையிலே" கிடத்துகிறாள். 1995இல் வந்த திருவிவிலியம் அதைத் "தீவனத் தொட்டி" என்று மாற்றியது. படித்ததும் புரிகிறது என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு முன்னணையை விட மனமில்லை. முன் + அணை. லத்தீன்காரர் முன்வேலி என்றதை நம் ஆட்கள் முன்னணை என்றிருக்கிறார்கள். அதோடு அணை என்ற சொல்லுக்குத் தடுப்பு என்றும் பொருள் உண்டு, படுக்கை என்றும் பொருள் உண்டு. மாட்டுக்குத் தீவனம் போடும் இடமும் குழந்தையின் மெத்தையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாடும் கழுதையும் லூக்காவிலோ மத்தேயுவிலோ பிறப்புக் காட்சியில் இல்லை. பழைய ஏற்பாட்டின் ஏசாயா முதல் அதிகாரத்தில், மாடு தன் எஜமானையும் கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும் என்று வருகிறது. நம் வீட்டு மாடும் கழுதையும் அந்த வரியிலிருந்து நடந்து வந்தவை. முன்னணை என்ற சொல் இரண்டு இடத்திலும் இருப்பதால், பழைய மொழிபெயர்ப்பை வாசிப்பவருக்கு இந்தத் தொடர்பு தானாகவே கண்ணில் படும்.

இப்போது குடில். இது தொட்டியின் பெயர் இல்லை, வீட்டின் பெயர். குடி, குடிசை, குடில் எல்லாம் ஒரு கொத்து. திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியைத் தொகுத்த பரோவும் எமனோவும் குடி என்பதைத் திராவிட வேராகவே பதிந்திருக்கிறார்கள். நமக்குக் குடி என்றால் வீடு, குடும்பம். பெங்களூரில் ஒரு கன்னடக்காரர் முதல் எழுத்தை அழுத்தி அதே சொல்லைச் சொன்னால் கோயில். அவர்கள் வாயில் குடிசை 'குடிசலு' ஆகும். ஒரே வேரில் வீடும் கோயிலும் இருப்பது இந்த ஊரில் வாழ்வதால் என் காதில் விழுந்த செய்தி.

எங்கள் தெருவிலேயே இந்தக் காட்சிக்கு மூன்று பெயர்கள் உண்டு. கன்னடக் கத்தோலிக்கர் கோதலி என்கிறார்கள், அதுவும் தீவனத் தொட்டி. மலையாளிகளுக்குப் புல்க்கூடு, புல்லால் ஆன கூடு. தமிழர்கள் குடில் என்று வீட்டையே சொல்லிவிட்டோம். பெத்லகேமில் கோயில் ஒரு குகையின் மேல் நிற்கிறது என்பதால், பழுப்புக் காகிதத்தைக் கசக்கிக் குகை செய்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் நாம் குடில் என்றே அழைக்கிறோம். அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை பிறந்த இடம் அதன் வீடு.

'செட்' என்ற சொல்தான் எனக்கு ஒட்டவில்லை. எங்கள் வீட்டுக் குடில் ஒருநாளும் செட்டாக வந்ததில்லை. மரியாளின் கணவர் சூசையப்பர் அம்மா வீட்டிலிருந்து வந்தவர், வலது கை ஒட்டவைத்தது. மாதா சுரூபம் வேளாங்கண்ணியில் வாங்கியது, அவரைவிட அரை சாண் குட்டை. மாடு சென்னபட்டணத்து மரப்பொம்மை. மைசூரு சாலையில் போகும்போது பிள்ளைகள் பிடிவாதம் பிடித்து வாங்கிய மஞ்சள் மாடு அது. மேய்ச்சல் நிலத்துக்குச் சின்னத் தட்டுகளில் கேழ்வரகு விதைப்போம். பக்கத்து வீட்டு மாமி தன் கொலுவில் வருடம் ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பார். அதைப் பார்த்துத்தான் நாங்களும் வருடம் ஒன்று சேர்க்கத் தொடங்கினோம். போன வருடம் ஒரு ஒட்டகம்.

அம்மா இந்த வேலையை ஜோடிப்பது என்பார். "குடில் ஜோடிச்சாச்சா?" என்றுதான் போனில் கேட்பார். ஜோடனை பழைய தமிழ்ச் சொல் இல்லைதான். அலங்காரம் என்று சொல்லலாம், ஒப்பனை என்றும் சொல்லலாம். ஆனால் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவற்றை ஒன்றோடொன்று இணைத்து வைக்கிற இந்த வேலைக்கு ஜோடிப்பதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். வழக்கு மொழியில் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆக, முழு அமைப்புக்குக் குடில், உள்ளே குழந்தை படுக்கும் தொட்டிக்கு முன்னணை, உருவங்களுக்குச் சுரூபம். முன்னணையை 24ஆம் தேதி இரவு வரை காலியாக வைத்திருந்து, நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தபின் பாலனைக் கிடத்துவோம். பாலனைக் காண வந்த மூவரசர்களின் திருநாள் முடிந்ததும் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைக்கும்போது, பெட்டியின் மேல் பல வருடமாக இருந்த 'கிரிப் செட்' என்ற எழுத்தை இந்த முறை அடித்துவிட்டுக் 'குடில்' என்று எழுதினேன். பக்கத்தில் சின்ன டப்பாவில், 'முன்னணை, வைக்கோலுடன்.'