சிசேரியனுக்கு முன் பட்ட வலி வீணா?

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ராத்திரி முழுக்க வலி. சிஸ்டர்தான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். விடிகாலையில் டாக்டர் வந்து சிசேரியன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார். அப்படியானால் அந்த வலி வீண்தானே? சிஸ்டர் விழித்திருந்ததில் என்ன பயன்?"

இரண்டும் வீண் இல்லை.

ஆபரேஷன் தியேட்டரில் நடப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து டாக்டர் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார். மகப்பேறு டாக்டர் அடிவயிற்றையும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியையும் திறக்கிறார். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் குழந்தை வந்துவிடும். மீதி நேரம் தையலுக்கு. ஒரு நர்ஸ் கருவிகளையும் துணிகளையும் எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குகிறார். இன்னொருவர் குழந்தையைத் துண்டில் ஏந்தித் துடைத்து, உடல் சூடு குறையாமல் காக்கும் வார்மரில் கிடத்துகிறார். குழந்தை மூச்சு விடவில்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்கியாக வேண்டும். அதற்கும் அவருக்குப் பயிற்சி உண்டு.

இனி நுரையீரல். இதில்தான் எனக்கு ஆசை அதிகம்.

வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, திரவம்தான். பனிக்குட நீர் உள்ளே புகுந்து நிறைவதில்லை. நுரையீரல் செல்களே குளோரைடு அயனிகளை உள்ளே தள்ள, அதன் பின்னாலேயே தண்ணீரும் வந்து சேர்கிறது. 3 கிலோ குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு கட்டிங் சாய் (மும்பையின் அரை டீ) கிளாஸ் அளவு இருக்கும். அந்தத் திரவம் உள்ளிருந்து விரித்துப் பிடிப்பதால்தான் நுரையீரல் வளர்கிறது. ஆனால் பிறந்த சில நிமிடங்களில் அதே இடத்தில் காற்று நிற்க வேண்டும். தண்ணீர் எங்கே போகும்?

பிறப்புப் பாதையில் நெஞ்சு நசுங்கி வாய்வழியே வந்துவிடும் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கொஞ்சம் அப்படியும் போகும். மற்றதை நுரையீரலே உறிஞ்சிக்கொள்கிறது. வலி எடுத்து கர்ப்பப்பை இறுகி இறுகித் தளரும்போது குழந்தையின் உடலில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அது, செல்கள் திரவத்தைத் தொடும் பக்கத்தில் உள்ள சோடியம் வாயில்களைத் திறந்துவிடுகிறது. சோடியம் செல்லுக்குள் பாய்கிறது. மறுபக்கத்தில் இருக்கும் பம்ப் அதை வெளியே தள்ளுகிறது. சோடியம் போகிற பக்கம் தண்ணீரும் போகிறது. நேற்றுவரை நீரைச் சுரந்துகொண்டிருந்த அதே செல்கள் இன்று உறிஞ்சத் தொடங்கிவிட்டன! பிறந்தபின் முதல் மூச்சுகளின் இழுப்பில் மிச்சமும் திசுவுக்குள் போய்விட, நிணநீர் நாளங்களும் ரத்தமும் அதை மெல்ல வாங்கிக்கொள்கின்றன.

ஆக, வலி கண்ட பிறகு சிசேரியன் ஆனாலும், இந்த வேலை ஓரளவாவது நடந்திருக்கும்.

சரி, சிஸ்டர்? கர்ப்பப்பை ஒவ்வொரு முறை இறுகும்போதும் குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. நல்ல நிலையில் உள்ள குழந்தை தாங்கிக்கொள்ளும். தாங்குகிறதா என்பதை இதயத் துடிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் அறிய முடியும். வலி விட்ட பிறகும் துடிப்பு இறங்கியே இருந்தால் டாக்டரைக் கூப்பிடுவது அவர்தான். சிசேரியன் என்ற முடிவு டாக்டருடையது. அதற்கான தகவல் பெரும்பாலும் சிஸ்டரின் குறிப்புகளில் இருக்கிறது. ஒருவர் பிரசவம் முடியும்வரை கூடவே இருந்தால் சிசேரியன் தேவைப்படுவது குறைகிறது என்றும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புதிய ஆபரேஷன் தியேட்டர் கட்டும் முன், பிரசவ அறையில் ஒரு தாய்க்கு ஒரு நர்ஸ் என்பதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

வலியே வராமல் நாள் குறித்து எடுக்கும் குழந்தைக்கு அந்த அட்ரினலின் ஏற்றம் கிடைப்பதில்லை. நுரையீரலில் நீர் தங்கி, வேகவேகமாக மூச்சு வாங்கி, சில குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகின்றன. முன்பே சிசேரியன் ஆனவர்களுக்கு நாள் குறித்துச் செய்த சிசேரியன்களைப் பற்றி அமெரிக்காவில் 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மூச்சுப் பிரச்சினை உள்ளிட்ட சிக்கல்கள் கர்ப்பத்தின் 37வது வாரத்தில் எடுத்த குழந்தைகளில் நூற்றுக்கு 15 பேருக்கும், 38இல் 11 பேருக்கும், 39இல் 8 பேருக்கும் வந்தன. வேறு காரணம் இல்லாதபோது 39 வாரம் நிறையட்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

நட்சத்திரம் பொருந்துகிறது என்று 37, 38வது வாரத்திலேயே எடுக்கச் சொல்லும் குடும்பங்கள் மும்பைத் தமிழர்களிடமும் உண்டு. குழந்தைக்கு உரிய வாரங்களை ஜாதகத்துக்குக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 39 வாரம் நிறைந்த பிறகு நாள் பார்க்கிறீர்களா, டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அம்மாவின் ரத்த அழுத்தம் எகிறினாலோ, நஞ்சுக்கொடி குழந்தை வரும் வழியை மறைத்துக் கிடந்து ரத்தப்போக்கு தொடங்கினாலோ எந்த வாரமானாலும் டாக்டர் உடனே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ராகு காலம் முடியட்டும் என்று கையெழுத்துப் போடாமல் யாரும் நிற்கக் கூடாது.