அவள் ஏன் கத்தவில்லை?

கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பாலியல் கொடுமை நடந்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகள். ‘கத்தியிருந்தால் ஓடி வந்திருப்போமே’ என்று ஊர் பேசுகிறது. அவளும் தன்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டு அழுகிறாள். உடம்பு ஏன் அப்படிச் செய்தது?”

ஆபத்து வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், எதிர்த்து நிற்போம் அல்லது ஓடுவோம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பாடம் அதோடு நின்றுவிடுகிறது. உறைந்துபோவதைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை.

மூளையின் அடியில், தண்டுவடத்துக்கு இறங்கும் வழியில் நடுமூளை இருக்கிறது. அதற்குள் மூளைநீர் ஓடும் மெல்லிய குழாய். அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் திசு. அச்சத்தை உணரும் மூளைப்பகுதியான அமிக்டலா தன் எச்சரிக்கையை இங்கே அனுப்புகிறது. விலங்குகளில் இத்திசுவின் மேற்புறத்தையும் பக்கவாட்டையும் தூண்டினால் அவை பாயும், ஓடும். அடிப்புறத்தைத் தூண்டினால் அசையாமல் நின்றுவிடும். பேரச்சமும் விடுபடமுடியாத பிடியும் ஒன்றுசேரும்போது உடல் இந்தக் கடைசி வழிக்குப் போகிறது. கைகால் விறைக்கும். நடப்பதெல்லாம் தெரியும், ஆனால் உடல் சொன்னபடி கேட்காது. குரலெழுப்பும் நரம்புப் பாதையும் இதே திசுவைத் தொட்டுத்தான் போகிறது; கத்த நினைத்தாலும் ஓசை எழாமல் போகலாம். உடலே சுரக்கும் வலியடக்கிகளும் இங்கே வேலை செய்வதால் சிலருக்கு அந்நேரம் வலியே தெரிவதில்லை. முயலிடமும் கோழியிடமும் இந்த உறைநிலை உண்டு. அசையாத இரையின் மேல் பிடி தளரும், அந்த நொடியில் தப்பலாம் என்பது உயிரியலாளர்கள் தரும் விளக்கம். இதில் அந்தப் பெண்ணின் முடிவு என்று எதுவும் இல்லை.

ஸ்டாக்ஹோமில், வன்புணர்வுக்குப் பின் அவசரச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. 70 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்துபோயிருந்தார்கள். 48 சதவீதத்தினருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. அப்படி உறைந்தவர்களிடமே ஆறு மாதங்களுக்குப் பிறகு மனவடு நோய் (PTSD) அதிகம் காணப்பட்டது.

நம் சட்டமும் இதை ஏற்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கருதக்கூடாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 2013 திருத்தம் சொன்னது. அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் அது நீடிக்கிறது. ‘ஏன் சத்தம் போடவில்லை’ என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், “முடியவில்லை” என்பதே நேர்மையான, அறிவியலுக்குப் பொருந்திய பதில். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாக உடனே சிகிச்சை தந்தாக வேண்டும். மகளிர் உதவி எண் 181.

குணமாவதைப் பற்றியும் ஆசிரியை கேட்டிருக்கிறார். இரவில் திடுக்கிட்டு நடுங்குபவளுக்குக் காற்றுக் கருப்பு அண்டிவிட்டதென்று மந்திரித்துக் கயிறு கட்டுவது எனக்குக் கோபமூட்டுகிறது. நடுங்குவது அஞ்சக் கற்றுக்கொண்ட அமிக்டலா, பேய் அல்ல. முறையான உளவியல் சிகிச்சை அந்த நினைவை அழிப்பதில்லை. ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற புதிய பாடத்தை, பாதுகாப்பான இடத்தில், திரும்பத் திரும்பக் கற்பிக்கிறது; மெல்ல மெல்ல மூளையின் முன்பகுதி அச்சத்தை அடக்கக் கற்றுக்கொள்கிறது. இதற்கு வாரக்கணக்கில் போய்வர வேண்டும். நீலகிரியில் கூடலூரிலிருந்து மாவட்டத் தலைநகர் உதகை சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனால் தோட்டத் தொழிலாளி பாதியில் நிறுத்திவிடுவாள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி அரசு மருத்துவமனைகளிலேயே இதில் தேர்ந்த ஆலோசகர்களை நியமிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும்.