பந்தயத் தடத்தில் முதல் நாள்: பிரேக்கைப் பற்றி முதலில் பேசுவோம்

கிருஷ்ணகிரியில் கார் பட்டறை நடத்திவரும் என்னிடம் அண்மைக் காலமாக இளைஞர்கள் பலர், தங்கள் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க விரும்புவதாகச் சொல்லி வருகிறார்கள். சிலர் சென்னை நெடுஞ்சாலையிலேயே நேராகப் போய் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தை அடைகிறார்கள். தருமபுரிப் பக்கத்தினர் சிலர் சேலம் வழியாகக் கோயம்புத்தூர் சென்று, செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுகிறார்கள். இந்த ஆர்வத்தை நான் வரவேற்கிறேன். எதிரே லாரி வராத, குறுக்கே மாடு வராத, அவசர ஊர்தி தயாராக நிற்கும் இடத்தில் வேகத்தை அறிந்துகொள்வதுதான் முறை. ஆனால் வருபவர்கள் கேட்பதெல்லாம் இன்ஜின் சக்தியையும் சைலன்சரையும் அகலமான டயரையும் பற்றித்தான். பிரேக் ஆயிலை மாற்றித் தாருங்கள் என்று தாமாகக் கேட்டவர் மிக அரிது.

கார் ஓடும்போது அதில் சேரும் ஆற்றல், வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 50 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல நான்கு மடங்கு ஆற்றல் 100 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிறது; நிறுத்தும்போது அதில் பெரும்பங்கு, சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கிலும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேடிலும் வெப்பமாக மாறுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது அந்த வெப்பம் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை. முதல் வளைவின் சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அதன் தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே மிதித்த மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராமல், பெடல் மெத்தென்று தரைவரை இறங்கிவிடும். தருமபுரி–சேலம் சாலையின் தொப்பூர் இறக்கத்தில் சுமை லாரிகளுக்குப் பிரேக் பிடிக்காமல் போவது அமைப்பில் வேறுபட்டது என்றாலும், விடாமல் பிரேக்கை மிதித்து வந்ததால் ஏறிய வெப்பமே அங்கும் பல நேரங்களில் காரணமாகிறது. எனவே தடத்துக்குப் போகும் வாரத்தில் புதிய டாட் 4 ஆயில் ஊற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக் குழாய்களிலும் உள்ள காற்றை வெளியேற்றிய பிறகே நான் வண்டியை ஒப்படைக்கிறேன்.

பேடின் கனம் பாதிக்குக் கீழே இருந்தால் மாற்றிவிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். பழைய டயர், பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். தண்ணீர் பாட்டில், ஓட்டுநர் பக்கத்துத் தரைவிரிப்பு, டிக்கியில் உள்ள ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பெடலுக்கு அடியில் உருண்டு வரும் ஒரு பாட்டில் போதும், உயிரை எடுக்க. முழுக்கைப் பருத்திச் சட்டையும், மெல்லிய அடிப்பாகம் கொண்ட மூடிய காலணியும், முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டும் தேவை.

காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த ஒரு தம்பியுடன் அவருடைய முதல் சுற்றுகளில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்றேன். பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுபவர். நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை முழுமையாக மிதிக்கச் சொன்னேன். மிதித்தார், உடனே காலை எடுத்துவிட்டார். “அண்ணா, பெடல் அதிருது, ஏதோ உடைஞ்சிருச்சு” என்றார். அது, பலமாக மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கருவி வேலை செய்யும் அதிர்வு. அந்த நேரத்தில் காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பலாம் என்பதற்காகவே அந்தக் கருவி வைக்கப்பட்டிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பிரேக்கை அதன் முழு வலிமையுடன் மிதித்ததில்லை. நெடுஞ்சாலையில் அதற்கான தேவை வரும் நாளில், அந்த அதிர்வுக்கு அஞ்சிக் காலைத் தளர்த்திவிடுகிறோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் நாளில் வேறெதையும் கற்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் வேண்டிக் கேட்கிறேன்.

வளைவில் டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதை நிறுத்துவதற்கும் திரும்புவதற்கும் ஒரே நேரத்தில் முழுமையாகக் கேட்க முடியாது. நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வெளிப்புறத்திலிருந்து உட்புற ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளிப்புறம் வர வேண்டும். வேகம் அதிகமாகிவிட்டது என்று நடு வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் திடீரென எடுத்தால், எடை முன்பக்கம் சாய்ந்து பின்சக்கரங்கள் பிடியை இழக்கலாம், வண்டி சுழலலாம். கண் எப்போதும் அடுத்துச் செல்ல வேண்டிய இடத்தில் இருக்கட்டும். மஞ்சள் கொடி ஆபத்தைக் குறிப்பது, அப்போது முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நீலம் என்றால் வேகமான வண்டி பின்னால் வருகிறது. காலை விளக்கக் கூட்டத்தைத் தவறவிட்டவரை ஓட்ட அனுமதிக்காத அமைப்பாளர்களே நல்ல அமைப்பாளர்கள்.

கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கைக் கூடியவரை தொடாமல் ஓட்டி வண்டியை ஆறவிடுங்கள். நிறுத்திய பிறகும் பிரேக் சூடாகவே இருக்கும் என்பதால் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

வழக்கமான தனியார் கார் காப்பீடு, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். தடத்தில் நேரும் சேதம் உங்கள் பணம் என்று எண்ணிக்கொண்டே செல்லுங்கள். பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதோ மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

வீடு திரும்புவதற்கு முன் சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பாருங்கள். டயர் சூடானபோது காற்றைக் குறைத்திருந்தால் பழைய அளவுக்கு நிரப்புங்கள். பேட் தேய்ந்திருந்தால் அதோடு நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். புறப்படும்போதே கூடுதலாக ஒரு செட் பேட் வாங்கிச் சென்று, தடத்தோரம் வண்டியைச் சரிபார்க்கும் இடமான பிட்டில் வைத்திருங்கள்.